இடது பக்கத்து வளையம்

என் அறைக்குள் வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் சிறுநீரை அடக்கிக்கொண்டுதான் வருவார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரை நீட்டி, "குடிம்மா, குடிச்சாத்தான் உள்ள வுடுவேன்" என்று மிரட்டிக்கொண்டிருப்பாள். குடித்தவர்கள் காலைப் பின்னிக்கொண்டு பெஞ்சில் நெளிவார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவது நான்தான். இருபத்தாறு வருடமாகப் புதுச்சேரியில் இதுதான் என் பிழைப்பு.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. திரை தெளிவாகத் தெரிய இருட்டு வேண்டும், மெஷினுக்குக் குளிர் வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. எங்கள் சென்டரில் கணவன், மாமியார், கைப்பேசி மூன்றுக்கும் உள்ளே அனுமதி இல்லை. கூட வருகிறவர்களுக்கென்று யாரோ எப்போதோ வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று மூலையில் கிடக்கும். அதில் யாரும் உட்கார்ந்ததில்லை, டிஷ்யூ பேப்பர் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். திரை என் பக்கம் திரும்பியிருப்பதால் படுத்திருக்கிற பெண் பார்ப்பதற்கு என் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் என் முகத்தை ஒன்றும் சொல்லாமல் வைத்திருக்கப் பழகிவிட்டேன். முழுதாகப் பார்த்து முடிக்கிறவரை வாயும் திறக்க மாட்டேன். என் பின்னால் என்னை 'ஊமை டாக்டர்' என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். போகட்டும், இதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருத்தி தாயாகப் போகிறாள் என்பது பல சமயம் உலகத்திலேயே முதலில் எனக்குத்தான் தெரியவரும். அவள் வெளியே போய் யாரிடமாவது சொல்லி அழுவாள், சிரிப்பாள். நான் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போவேன். மாடி வீடு. சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கிற தெரு. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் "மறந்துட்டேன்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கைப்பையை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் டிவியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதற்காக அல்ல, வீட்டில் யாரோ பேசுகிற சத்தம் வேண்டும் என்பதற்காக. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் வேலையில் நான் அதிகம் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. கரு வந்து தங்க வேண்டிய இடம் கருப்பை. சில சமயம் அது வழியில் இருக்கிற குழாயிலேயே தங்கிவிடும். சாராயக் கடையிலிருந்து கிளம்பிய ஆள் வீட்டுக்கு வராமல் தெருமுனையிலேயே படுத்துக்கொள்கிற மாதிரிதான். ஆனால் இது விடிந்ததும் எழுந்து வீடு வந்து சேராது. அங்கேயே வளரும். குழாயோ சின்ன விரல் பருமன்கூட இல்லாதது. ஒரு நாள் அது வெடிக்கும், வயிறு முழுக்க ரத்தம் இறங்கும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். வெடிப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்கிற ஆள் ஸ்கேன் பார்க்கிறவள்தான்.

அதனால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதலில் வெளியே, கடைசியில் வீடு. கருப்பைக்குப் பின்னால் பள்ளத்தில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வலது பக்கம், பிறகு இடது பக்கம். எல்லாம் முடித்த பிறகுதான் கருப்பைக்குள் போவேன். முதலிலேயே உள்ளே போய்க் கருவைப் பார்த்துவிட்டால் மனசு நிறைந்துவிடும். நிறைந்த மனசுக்குத் தேடத் தெரியாது. தேடியது கிடைத்தாயிற்று என்று கை தானாகவே வேகம் எடுத்துவிடும்.

நான் சொல்ல வந்த பெண் முதல் தடவை வந்தபோது மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். சொல்தா வீட்டு மருமகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்தை எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். மாமனார், மாமியார், கணவன் எல்லாரும் பிரான்சில். கணவனுக்கு அங்கே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. இவளுடைய விசா தாள்கள் ஏதோ ஒரு மேசையில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தன. நெல்லித்தோப்பில் மாடி வீடு ஒன்றில் தனியாக இருந்தாள். பெற்றவர்கள் உயிரோடு இல்லை.

கல்யாணமாகி ஏழு வருடம். வருடத்துக்கு ஒரு மாதம் அவர் லீவில் வருவார். அந்த ஒரு மாதத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும் என்று முட்டை முதிர்வதற்கு ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசி போட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று முட்டைகூட வெளியே வரலாம். அது எனக்குத் தெரியும். தாளில் எழுதியிருந்தது, படித்தேன். அவர் திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் பரிசோதித்ததில் இரண்டு கோடு வந்திருந்தது.

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குத் துணை வர ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அவருக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுல்ல டாக்டர்? கீழ் வீட்டு அக்காகிட்டகூட சொல்லல."

எங்கள் பக்கத்தில் எந்த மதமானாலும் இந்த வழக்கம் உண்டு. கண் பட்டுவிடும் என்று பயம். நானும் எத்தனையோ பேருக்கு, சொல்லாமல் இருப்பது நல்லது என்று தலையாட்டியிருக்கிறேன்.

வயிற்றின் மேல் பார்த்ததில் சரியாகத் தெரியவில்லை. பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி உள்வழியாகப் பார்க்க ஆரம்பித்தேன். கருவி உள்ளே போனதுமே அவள் அழத் தொடங்கிவிட்டாள். வலியால் அல்ல, வேண்டாத தெய்வம் இல்லை என்கிற அழுகை. "இருக்குதா டாக்டர்? இல்லன்னா இல்லன்னு இப்பவே சொல்லிடுங்க" என்று மூச்சு வாங்கினாள். ஏழு வருடமாக எத்தனையோ அறைகளில் கேட்டிருப்பாள் போல. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு தடவை வழக்கத்தை மாற்றினேன். சுற்றிலும் பார்க்காமல் நேராகக் கருப்பைக்குள் போனேன். இருந்தது. அரிசிமணி அளவுக்கு ஒரு கரு, அதற்குள் துடிப்பு.

"இருக்கு. துடிக்குது" என்றேன்.

அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் என் கையை அப்படிப் பிடித்து வருடக்கணக்காகியிருந்தது. உருவிக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரு கையாலேயே மீதியைப் பார்த்தேன். வலது பக்கம் சரி. இடது பக்கம் சினைப்பையை ஒட்டி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. முட்டை வெளியேறிய இடத்தில் நீர்க்கட்டி ஒன்று வருவது சகஜம், ஊசி போட்டவர்களுக்கு இன்னும் சகஜம். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது அதுதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கை கருவியால் உள்ளே மெதுவாகத் தள்ள, மறு கை அடிவயிற்றை வெளியிலிருந்து அழுத்த வேண்டும். வளையமும் சினைப்பையும் சேர்ந்து நகர்ந்தால் நீர்க்கட்டி. தனித்தனியாக நகர்ந்தால் அது வேறு. அரை நிமிஷ வேலைதான். அதற்கு இரண்டு கையும் வேண்டும், ஒரு கை அவளிடம் இருந்தது. நான் அழுத்திப் பார்க்கவில்லை. படத்தைச் சேமித்துவிட்டு, 'இரு பக்கமும் இயல்பு' என்று எழுதினேன்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேசரி கிண்டினேன், எனக்கு மட்டும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எட்டு நாள் கழித்துக் காலை பதினோரு மணி வாக்கில் அக்கா ஃபோனை நீட்டினாள். "டாக்டருகிட்டதான் பேசணுமாம். இன்னான்னு கேளுங்க."

அவள்தான். குரல் தளர்ந்திருந்தது. "டாக்டர், தொந்தரவு பண்றேன். காலையிலேர்ந்து தோள்பட்டை வலிக்குது. தைலம் தடவலாமா? பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

தைலம் தடவலாமா என்பதைக் கேட்க வேறு ஆள் இல்லை அவளுக்கு. கீழ் வீட்டுக்காரியிடம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். அவருக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது. விஷயம் தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.

"படுத்தா வலி அதிகமாகுதா?" என்று கேட்டேன்.

"ஆமாம் டாக்டர். உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுந்தா தலைய சுத்துது."

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால், படுக்கும்போது அது மேலே ஏறி விலாவுக்கு அடியில் உறுத்தும். அந்த வலி தோளில் தெரியும். அந்த வெள்ளை வளையம் கண் முன்னால் அப்படியே வந்து நின்றது.

"கதவ தொறந்து வச்சிட்டு, சுவத்துல சாஞ்சி உக்காந்துக்குங்க. படுக்காதீங்க. எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணிகூட வேணாம். நான் வர்றேன்" என்றேன். அவளுடைய படிவத்தில் இருந்த முகவரியைக் காட்டி, அக்காவை ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன். பெஞ்சில் நாலு பேர் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். "எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஆம்புலன்சுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றி முழுக்க வேர்வை. நாடி ஓட்டமாக ஓடியது. கீழ் வீட்டுக்காரி மேலே வந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்றாள். அவளிடமும் அப்போது சொல்லவேண்டியதாயிற்று. கோரிமேட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்சில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் கண்ணைத் திறந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"உள்ள இருக்குதுதானே டாக்டர்? நீங்கதானே பாத்தீங்க?"

"இருக்கு" என்றேன். நான் பார்த்தது உண்மை. நான் பார்க்காமல் விட்டதும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அங்கே உடனே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கரு. ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது, இன்னொன்று இடது குழாயில் மாட்டிக்கொண்டிருந்தது. குழாய் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். குழாயை எடுத்துவிட்டு, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்துவிட்டாள். உள்ளே இருந்தது தாக்குப்பிடிக்குமா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. இவ்வளவு ரத்தம் போய், மயக்க மருந்தும் கொடுத்த பிறகு, நாள் போனால்தான் தெரியும் என்றார்கள்.

சாயங்காலம் சென்டருக்குத் திரும்பி வந்தேன். அக்கா போயிருந்தாள். மெஷினைப் போட்டு அந்தப் பெண்ணின் பழைய படத்தை எடுத்தேன். இடது பக்கம், வெள்ளை வளையம், என் கையாலேயே நான் சேமித்தது. இப்போது பார்த்தால் பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் போலிருந்தது. சினைப்பைக்கும் அதற்கும் நடுவில் மெல்லியதாக ஒரு கோடு. இருட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் தனியாக இருப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்குத்தான், இதை நான் யாரிடம் சொல்வேன் என்று தோன்றி அழுதேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு மகப்பேறு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். "விடுங்க மேடம். உள்ள ஒண்ணு இருக்கறப்ப வெளிய இன்னொண்ணு இருக்கும்னு யாரு நினைப்பா? யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. யானை சறுக்கினால் விழுவது யானை. இங்கே சறுக்கியது நான், விழுந்தது அவள்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். கீழ் வீட்டுக்காரி கஞ்சி வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அன்னிக்கே அது திரையில இருந்துது. நான் நீர்க்கட்டின்னு நினைச்சிட்டேன். அழுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. தப்பு என்னோடது."

அவள் என் இடது கையைப் பார்த்தாள். பிறகு, "நான் உங்க கையப் புடிச்சிட்டு இருந்தேன். அதனாலயா?" என்றாள்.

"இல்ல. நீங்க புடிப்பீங்க. கைய எடுத்து வேலையப் பாக்க வேண்டியது நான்தான்."

அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆபரேஷன் பண்ணிய வயிற்றோடு திரும்புவது லேசில்லை, வலித்திருக்கும். இருந்தாலும் திரும்பிக்கொண்டாள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வாசலில் வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம், கையில் ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எல்லாருடனும் யாராவது ஒருவர் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் ஒரு பேச்சும் பேசாமல் வேலை பார்த்தேன். எல்லாரையும் இரண்டு இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். "டாக்டர், வலிக்குது" என்று சிலர் கத்தினார்கள். வீட்டில் டிவியைப் போட மறந்து, இருட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளோடு பேச நாலு தடவை ஃபோனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கதவைத் திறந்து, "அந்தப் பொண்ணு வந்துருக்குது. உங்ககிட்டதான் பாக்கணுமாம்" என்றாள்.

கருவுக்குத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊரில் ஸ்கேன் சென்டருக்கா பஞ்சம்? அவள் இங்கே வந்திருந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு, ஜெபமாலை சுற்றிய கையையும் மற்றக் கையையும் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டாள்.

"டாக்டர், முதல்ல சுத்திப் பாருங்க. உள்ள இருக்குறத கடைசியா சொல்லுங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் சரி, நான் காத்திருக்கேன்."

பின்னால் பள்ளத்தைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வலது பக்கம் பார்த்தேன், அழுத்தினேன். இடது பக்கம் சினைப்பை மட்டும் தனியாக இருந்தது. அங்கேயும் அழுத்தினேன். தையல் இன்னும் இழுத்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கண்ணை மூடியிருந்தாள். எனக்குத்தான் கருப்பைக்குள் போகப் பயமாக இருந்தது.

போனேன். கை கால் முளைத்திருந்தது. பிள்ளை, நான் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் உதைத்துக்கொண்டிருந்தது.

"இருக்கு. துடிப்பு நல்லா இருக்கு. கால ஆட்டுது."

அவள் அழவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

துடைத்துக்கொண்டு, கைப்பேசியை வாங்கிப் பேச வெளியே போனாள். நான் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எடுக்கல டாக்டர். டூட்டில இருக்காரு. ஃபோன லாக்கர்ல வச்சிடுவாங்க. மூணு மணி நேரம் ஆவும்."

"வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. ஓய்வு எடுக்கணும்ல?"

"வீட்ல யாரு இருக்கா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க வீட்ல?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்றைக்குத் தப்பிக்கவில்லை.

"யாரும் இல்ல" என்றேன்.

அவள் படுக்கையின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப மூணு மணி நேரத்துக்கு இந்த சேதி நம்ம ரெண்டு பேருகிட்ட மட்டும்தான் இருக்கும்" என்றாள்.

வெளியிலிருந்து அக்கா கதவைத் தட்டினாள். "டாக்டர், இங்க மூணு பேருக்கு முட்டிக்கினு நிக்குது. அனுப்பட்டுமா?"

"அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லு" என்று குரல் கொடுத்தேன். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, டிஷ்யூ கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.